‘பிரேக்’ என்ற ஆங்கில வினையைத் தமிழில் எழுதுவது எப்படி: நேர்ப்பொருள் முதல் உருவகப் பொருள் வரை

ஆங்கிலக் கதை ஒன்றை முதன்முதலாகத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தபோது, ‘பிரேக்’ (break: உடைதல், உடைத்தல்) என்ற ஒரே வினை அதில் 31 இடங்களில் வந்திருந்தது. அவற்றில் 19 இடங்களை என் பதிப்பாசிரியர் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். “பாலத்தின் மேல் நாங்கள் மனமுடைந்து அழுதோம்” என்று நான் எழுதியிருந்த வரியின் ஓரத்தில், “இங்கே பழுதாகி நின்றது அவர்களுடைய கார்” என்று குறித்திருந்தார். மூலத்தில் இருந்தது ‘வீ புரோக் டவுன் ஆன் த பிரிட்ஜ்’ என்ற எளிய வாக்கியம்தான். அந்த 19 வட்டங்களையும் சரிசெய்ய எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்களும், ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முயல்கிறவர்களும் அதே மூன்று வாரங்களை இழக்க வேண்டியதில்லை என்பதற்காக, நான் கடைசியில் வந்து சேர்ந்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், ஆங்கிலம் கற்போருக்காகத் தொகுக்கப்பட்ட அகராதி ஒன்று வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதுவதால், விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதியைத் தேட வேண்டிய நிலை வராது. ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியோ ‘பிரேக்’ போன்ற நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு சிறு தலைப்பை இடுகிறது. துண்டாதல், வேலை செய்யாமல் நின்றுபோதல், சட்டமும் வாக்குறுதியும், வானிலை, செய்தி, குரல், அலை என்று போகும் அந்தத் தலைப்புகளை மட்டும் முதல் நாள் படித்தால் போதும். அதே நிறுவனத்தின் பெரிய வரலாற்று அகராதி சந்தா கட்டிப் பார்க்க வேண்டியது. இந்த வேலைக்கு அது தேவைப்படாது. நான் பணம் கட்டி வாங்கிவிட்டு ஓரிரு முறை மட்டுமே திறந்தேன்.

இரண்டாவதாக, தமிழ் வினைகளைச் சரிபார்க்க ஒரு தமிழகராதி வேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்கு மிகவும் பொருத்தமானது. ஒரு வினை இன்றைய எழுத்தில் எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதை அது எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாக உள்ளது. அதில் ‘பிரேக்’ என்று தேடினால் தமிழ் வினைகள் நீண்ட வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் எது எங்கே பொருந்தும் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். வரிசையின் முதலில் இருப்பதே சரியான சொல் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

மூன்றாவது, உண்மையான ஆங்கில வாக்கியங்களின் தொகுப்பு. ‘கோகா’ என்று சுருக்கி அழைக்கப்படும் தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பதிவுசெய்துகொண்டால் கட்டணமின்றித் தேடலாம். ஒரு நாளைக்கு இத்தனை தேடல்கள்தான் என்ற வரம்பு உண்டு என்பதால், தேட வேண்டியவற்றை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இவற்றோடு ஒரு குறிப்பேடு. அதில் நான்கு பத்திகள் போதும்: ஆங்கில வாக்கியம், உடைந்த பொருள், தமிழ் வினை, வேறு ஐயம்.

2. சொல்லின் உருவங்களை முதலில் பிரித்தறியுங்கள்

நிகழ்காலத்தில் ‘பிரேக்’, இறந்தகாலத்தில் ‘புரோக்’, முற்றுவடிவத்தில் ‘புரோக்கன்’. வண்டியை நிறுத்தும் ‘பிரேக்’ வேறு சொல். ஒலி ஒன்றாக இருந்தாலும் ஆங்கில எழுத்துக்கோவை வேறு என்பதால், அச்சில் பார்க்கும்போது குழப்பம் வராது; காதால் கேட்டு எழுதும் வேலையில், குறிப்பாகக் காணொளிகளுக்கு வசனம் எழுதும்போது, கட்டாயம் வரும்.

பெரிய பொறி ‘புரோக்’ என்பதில் இருக்கிறது. ‘ஹி இஸ் புரோக்’ என்றால் அவன் கையில் காசில்லை என்று பொருள். ‘ஹி இஸ் புரோக்கன்’ என்றால் அவன் மனமுடைந்து கிடக்கிறான். ‘த கம்பெனி வென்ட் புரோக்’ என்றால் நிறுவனம் நொடித்துப்போய்விட்டது. ‘புரோக்கன்’ என்பதும் பின்னால் வரும் பெயர்ச்சொல்லுக்கேற்ப மாறும்: ‘புரோக்கன் இங்கிலீஷ்’ தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலம்; ‘புரோக்கன் லைன்’ விட்டுவிட்டுப் போட்ட கோடு; ‘புரோக்கன் ஹோம்’ பெற்றோர் பிரிந்துவிட்ட குடும்பம். கடைசியாகச் சொன்னதை “உடைந்த வீடு” என்று எழுதினால், படிப்பவர் சுவரையும் கூரையையும்தான் நினைப்பார்.

3. நேர்ப்பொருள்: உடைந்தது என்ன பொருள் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு பொருள் முழுமையை இழந்தால் அது ‘பிரேக்’. கோப்பையானாலும் கயிறானாலும் எலும்பானாலும் சொல் ஒன்றுதான். தமிழ் அப்படிப் பார்ப்பதில்லை. பொருள் எப்படிப்பட்டது, அது எந்த வகையில் சிதைந்தது என்பதைப் பார்த்துத்தான் தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்கிறது.

கோப்பை, கண்ணாடி, பானை, கரை போல எதையாவது உள்ளடக்கியோ தடுத்தோ நிற்பவை உடைகின்றன. கிளை, எலும்பு, கம்பு போல நீண்டு விறைத்திருப்பவை முறிகின்றன. அவையே மெல்லியவையாக இருந்தால் ஒடிகின்றன. பென்சில் முனை ஒடியும். அது முறிந்தது என்று எழுதினால் தவறில்லை, ஆனால் காதுக்குக் கொஞ்சம் கனமாக இருக்கும். கயிறு, நூல், கம்பி போல இழுபட்டு நிற்பவை அறுகின்றன. சிறு சிறு துண்டுகளாகச் சிதறினால் நொறுங்குகின்றன. ரொட்டியைக் கையால் துண்டாக்குவது பிட்டல். ஊசி தோலை ‘பிரேக்’ செய்தால் அது தோலைக் கிழிக்கிறது அல்லது துளைக்கிறது. கடிகாரமோ சலவை இயந்திரமோ ‘புரோக்கன்’ என்றால் பெரும்பாலும் அது துண்டாகவில்லை, பழுதாகிவிட்டது அல்லது கெட்டுப்போய்விட்டது.

கடைசி வகையில் கவனம் வேண்டும். ‘மை ஃபோன் இஸ் புரோக்கன்’ என்ற வாக்கியத்தில் திரை விரிசல் விட்டிருக்கிறதா, கருவியே இயங்கவில்லையா என்பதை ஆங்கிலம் சொல்வதில்லை. தமிழ் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த இரண்டு பத்திகளையும் படித்துவிட்டுத்தான் வினையை முடிவுசெய்ய வேண்டும் என்று நான் எனக்கு விதித்துக்கொண்ட விதி இந்த வாக்கியத்திலிருந்துதான் வந்தது. நான் “கைபேசி உடைந்துவிட்டது” என்று எழுதிவிட்டேன். மூன்று பக்கங்கள் கழித்து அதே கைபேசியைக் கதைநாயகி சார்ஜ் போட்டு உயிர்ப்பித்துவிட்டாள்.

இந்தப் படிக்கு நான் ஒதுக்கியது இரண்டு நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம். குறிப்பேட்டில் 30 பெயர்ச்சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழ் வினையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அகராதியைத் திறக்காமலேயே இதைச் செய்யுங்கள். கயிறு உடைந்தது என்று உங்கள் வாய் சொல்லாது. பேனா பிடித்த கைதான் எழுதிவிடுகிறது.

4. தானாக நடந்ததா, ஒருவர் செய்தாரா என்று பிரியுங்கள்

‘த கப் புரோக்’ என்பதிலும் ‘ஷி புரோக் த கப்’ என்பதிலும் வினையின் வடிவம் மாறவில்லை. தமிழில் முதலாவது ‘உடைந்தது’, இரண்டாவது ‘உடைத்தாள்’. முறிந்தது, முறித்தான், அறுந்தது, அறுத்தான், நொறுங்கியது, நொறுக்கினான், கலைந்தது, கலைத்தான் என்று ஒவ்வொரு வினைக்கும் தன்வினையும் பிறவினையும் தனித்தனியே உண்டு. இதுவரை எளிது.

சிக்கல் உடம்பைப் பற்றிய வாக்கியங்களில் வருகிறது. ‘ஹி புரோக் ஹிஸ் ஆர்ம்’ என்பது ஆங்கில இலக்கணப்படி அவன் செய்த செயல். அதை “அவன் தன் கையை முறித்தான்” என்று பெயர்த்தால், வேண்டுமென்றே செய்துகொண்டதாகத் தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். விபத்து என்றால் “அவனுக்குக் கை முறிந்தது” என்று நான்காம் வேற்றுமையில் எழுத வேண்டும். அவனுடைய கவனக்குறைவும் அதில் கலந்திருந்தால் “கையை முறித்துக்கொண்டான்” என்பது பொருந்தும். மற்றொருவன் கையை அவன் ‘புரோக்’ செய்திருந்தால் மட்டுமே ‘முறித்தான்’. மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே வினை. தமிழில் மூன்று வெவ்வேறு மனிதர்களைக் காட்டும் மூன்று வாக்கியங்கள். இதைக் கவனிக்காததால் என் பிரதியில் ஒரு குழந்தை தன் காலைத் தானே முறித்திருந்தது. (சோம்பல் முறிப்பது இந்தக் கணக்கில் சேராது, அதற்கு ஆங்கிலத்தில் ‘பிரேக்’ வரவே வராது.)

‘த விண்டோ வாஸ் புரோக்கன்’ என்பதும் இரட்டைப் பொருள் தருவது. அறைக்குள் நுழைந்தபோது ஜன்னல் அந்த நிலையில் இருந்ததென்றால் ‘உடைந்திருந்தது’. அந்த இரவில் யாரோ கல்லெறிந்தார்கள் என்றால் ‘உடைக்கப்பட்டது’, அல்லது செய்தவர் தெரிந்தால் அவரையே எழுவாயாக்கிவிடலாம். செயப்பாட்டு வினையைக் கண்ட இடமெல்லாம் ‘பட்டது’ என்று முடிப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிடும். தொடக்கத்திலேயே தவிர்த்துக்கொள்வது நல்லது.

5. உருவகப் பொருளிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்

உருவகப் பொருள்களைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் முதலில் நினைத்தேன். பத்து நாள் அப்படியே முயன்றேன். பட்டியல் நீண்டதே தவிரப் பிழைகள் குறையவில்லை. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கண்ணுக்குத் தெரியாதவற்றையும் தமிழ் கண்ணுக்குத் தெரிந்த பொருள்களைப் போலவே நடத்துகிறது. மனம் எதையோ ஏந்திக்கொண்டிருக்கும் கலம் போல இருப்பதால் அது உடைகிறது. உறவும் நட்பும் பேச்சுவார்த்தையும் இரண்டு முனைகளுக்கு நடுவே நீண்டு நிற்பதால் முறிகின்றன. தொடர்பு கயிறு போன்றது, அதனால் அறுகிறது. கனவும் நம்பிக்கையும் நொறுங்குகின்றன. எனவே ‘புரோக்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் தமிழ் வினையைத் தேடாதீர்கள். அங்கே சிதைந்தது எது என்று கண்டுபிடித்து, அந்தப் பெயர்ச்சொல்லைத் தமிழில் எழுதிவிடுங்கள். வினையைப் பெரும்பாலும் அதுவே அழைத்துக்கொண்டு வரும்.

மௌனமும் தூக்கமும் தவமும் கலைகின்றன. அவை நீரின் மேற்பரப்பு போலச் சலனமின்றி இருப்பவை. ‘ஷி புரோக் த சைலன்ஸ்’ என்பதற்கு “மௌனத்தை உடைத்தாள்” என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள், படித்தால் புரியவும் செய்கிறது. இருந்தாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் நிலவிய அமைதியைப் பற்றி எழுதும்போது ‘கலைத்தாள்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பல ஆண்டுகள் ஒடுக்கப்பட்டிருந்த ஒருவர் பேசத் தொடங்குவதைச் சொல்லும்போது ‘உடைத்தார்’ என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே மௌனம் ஒரு சுவர்.

எல்லைகளைப் போல நிற்பவை வேறு வகை. சட்டம், விதி, தடை ஆகியவற்றைத் தமிழில் நாம் உடைப்பதில்லை, மீறுகிறோம். வாக்குக் கொடுத்தவர் வாக்குத் தவறுகிறார். சாதனை முறியடிக்கப்படுகிறது. பழக்கத்தை விடுகிறோம். ஒருவருடைய மன உறுதியைக் குலைக்கிறோம். குதிரையைப் பழக்குகிறோம். மரக்கிளை ஒருவர் விழுந்த வேகத்தைத் தணிக்கிறது அல்லது அவரைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதுவும் ‘பிரேக்’தான். பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றுவதும் ‘பிரேக்’தான்.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும், ஏனெனில் இங்கே பிழை பணத்தில் போய் முடியும். ஒப்பந்தத்தை ‘பிரேக்’ செய்தார் என்றால் அவர் அதன் நிபந்தனைகளை மீறினார் என்று பொருள்படுவதே வழக்கம். குத்தகையை ‘பிரேக்’ செய்தார் என்றால் காலம் முடியும் முன்னரே முடித்துக்கொண்டார் என்று பொருள். குத்தகைப் பத்திரங்களில் ‘பிரேக் கிளாஸ்’ (break clause) என்று ஒரு பிரிவு இருந்தால், அது அப்படி முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் உரிமையைத் தருவது. ஆகவே ‘மீறுதல்’ குற்றத்தைச் சொல்கிறது, ‘முடித்துக்கொள்ளுதல்’ உரிமையைச் சொல்கிறது. ‘முறித்தல்’ என்ற சொல் இரண்டுக்கும் நடுவே நின்று வாசகரைக் குழப்பும். பத்திரங்களில் அதை நான் தவிர்த்துவிடுகிறேன்.

குரலைப் பற்றிய வாக்கியங்களுக்குத் தமிழில் அழகான விடை இருக்கிறது. பதின்வயதுப் பையனின் குரல் ‘புரோக்’ ஆனால் அவனுக்கு மகரக்கட்டு உடைந்தது. அழுகையை அடக்கிப் பேசுகிறவளின் குரல் ‘புரோக்’ ஆனால் அது தழுதழுத்தது. பேசுகிறவரின் வயதையும் நிலைமையையும் பார்த்தால் ஐயம் எழாது.

6. முடிந்ததா, தொடங்கியதா என்று உறுதிசெய்யுங்கள்

வட்டமிடப்பட்ட 19 இடங்களில் ஐந்து இந்த வகையைச் சேர்ந்தவை, எனக்கு மிகுந்த சிரமம் கொடுத்தவையும் இவைதான். ‘த ஃபீவர் புரோக்’ என்றால் காய்ச்சல் விட்டது. ‘த ஸ்டார்ம் புரோக்’ என்றால் புயல் தொடங்கியது. ஒரே வினை, நேர் எதிரான பொருள். நான் காய்ச்சலில் கற்றதை வைத்துக்கொண்டு “நள்ளிரவில் புயல் ஓய்ந்தது” என்று எழுதினேன். அதற்கு அடுத்த பக்கம் முழுவதும் கூரைகள் பறந்துகொண்டிருந்தன.

இதற்கும் ஒரு கேள்வி உதவுகிறது: அங்கே விடாமல் நீடித்துக்கொண்டிருந்தது எது? காய்ச்சல், வெக்கை, வறட்சி, மௌனம் ஆகியவை நாட்கணக்கிலோ மணிக்கணக்கிலோ அறாமல் நீடிப்பவை. அந்த நீட்சி ‘பிரேக்’ ஆகும்போது அவை முடிகின்றன: காய்ச்சல் விட்டது, வெக்கை தணிந்தது, வறட்சி நீங்கியது. பொழுது, புயல், செய்தி ஆகியவையோ எதற்கோ பின்னால் அடைபட்டிருந்து அதைப் பிளந்துகொண்டு வெளிப்படுபவை. அங்கே ‘பிரேக்’ ஆவது மறைப்பு. எனவே அவை தொடங்குகின்றன. பொழுது புலர்ந்தது, புயல் சீறி எழுந்தது, செய்தி வெளியே வந்தது.

வானிலையில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ‘த வெதர் புரோக்’ என்றால் அதுவரை நன்றாக இருந்த வானிலை சட்டென்று மாறிவிட்டது என்பதே வழக்கமான பொருள். ‘த கிளவுட்ஸ் புரோக்’ என்றால் மேகம் விலகி வானம் தெரிந்தது. இதை “மேகம் உடைத்துக்கொண்டு கொட்டியது” என்று எழுதத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மேகவெடிப்புக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது. ஐயம் வந்தால் அடுத்த வாக்கியத்தில் யாராவது நனைகிறார்களா, யார் முகத்திலாவது வெயில் படுகிறதா என்று பாருங்கள்.

செய்தியில் ஆளையும் கவனிக்க வேண்டும். ‘த நியூஸ் புரோக்’ என்றால் செய்தி தானே வெளிவந்தது. ‘ஹி புரோக் த நியூஸ் டு ஹர்’ என்றால், அவளுக்கு வலிக்கக்கூடிய ஒன்றை அவன் பக்குவமாகத் தெரிவித்தான். இரண்டாவதில் தயக்கமும் பொறுப்பும் உள்ளன. வெறுமனே ‘சொன்னான்’ என்று எழுதினால் அவை இரண்டும் போய்விடும்.

7. பின்னால் ஒட்டிவரும் சொல்லைப் பாருங்கள்

‘டவுன்’, ‘அப்’, ‘அவுட்’, ‘இன்’, ‘ஆஃப்’, ‘த்ரூ’ என்று ஒரு சிறு சொல் ஒட்டிவந்தால், அது முன்பு சொன்ன கணக்குகளையெல்லாம் மாற்றிவிடும். அந்த ஒட்டுச்சொல் வினைக்கு அடுத்தே வர வேண்டும் என்பதில்லை. செயப்படுபொருளைத் தாண்டி வாக்கியத்தின் கடைசியிலும் நிற்கும். நீண்ட வாக்கியங்களில் ‘பிரேக்’ கண்ணில் பட்டவுடன் முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டே வினையை முடிவுசெய்யுங்கள்.

‘பிரேக் டவுன்’ இவற்றில் மிகக் கடினமானது. எழுவாய் வண்டி என்றால் பழுதாகி நின்றது. எழுவாய் மனிதர் என்றால் கதறி அழுதார் அல்லது நிலைகுலைந்தார். ஆனால் வண்டியில் போய்க்கொண்டிருக்கும் மனிதர்களே எழுவாயாக வந்தால், வண்டி நின்றுவிட்டது என்று பொருள்படலாம். என் பாலத்து வரி அப்படிப்பட்டதுதான். பேச்சுவார்த்தை என்றால் முறிந்தது. கதவு செயப்படுபொருளாக வந்தால் அதைத் தகர்த்தார்கள். செலவுக் கணக்கு செயப்படுபொருளாக வந்தால் இனம் இனமாகப் பிரித்துக் காட்டினார்கள். உடலிலோ மண்ணிலோ ஒரு பொருள் ‘பிரேக் டவுன்’ ஆனால் அது சிதைந்து எளிய பொருள்களாகிறது.

‘பிரேக் அவுட்’ திடீரென்று கிளம்புவதைச் சொல்கிறது: போர் மூண்டது, தீப்பிடித்தது, நோய் பரவத் தொடங்கியது, தோலில் தடிப்பு கிளம்பியது, கைதி சிறையிலிருந்து தப்பினான். இவற்றில் எந்த இடத்திலும் ‘வெடித்தது’ என்ற சொல்லை எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றும். போருக்கும் கலவரத்துக்கும் அது பொருந்தும், தடிப்புக்குப் பொருந்தாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘பிரேக் அப்’ காதலர்கள் பிரிவதற்கும் கூட்டம் கலைவதற்கும் வரும். தொலைபேசியில் ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’ என்று ஒருவர் சொன்னால் உங்கள் குரல் அவருக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது. ‘பிரேக் ஆஃப்’ பேச்சை நடுவில் நிறுத்துவதற்கும் நிச்சயித்த திருமணத்தை முறித்துக்கொள்வதற்கும் வரும். ‘பிரேக் இன்’ திருடன் பூட்டை உடைத்து நுழைவது. புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குவதும் அதுவே. ‘பிரேக் இன்டு’ என்பதன் பின்னால் வீடு வந்தால் திருட்டு, பாட்டு வந்தால் சட்டென்று பாடத் தொடங்குதல்.

8. சொல்லுக்குச் சொல் தொடக்கூடாத தொடர்கள்

சில தொடர்களில் ‘பிரேக்’ என்ற சொல்லுக்குத் தனியே பொருள் தேடிப் பயனில்லை. முழுத்தொடருக்கும் சேர்த்துத்தான் தமிழ் தேட வேண்டும். ‘பிரேக் ஈவன்’ என்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, போட்ட முதல் கைக்கு வந்துவிட்டது. ‘இட் வோன்ட் பிரேக் த பேங்க்’ என்றால் கையைக் கடிக்காது. ‘வித்அவுட் பிரேக்கிங் எ ஸ்வெட்’ என்றால் அலட்டிக்கொள்ளாமல். மேடையேறப் போகும் நடிகரிடம் ‘பிரேக் எ லெக்’ என்றால் அது வாழ்த்து. ‘பிரேக் த ஐஸ்’ என்பதற்கு, முன்பின் அறியாதவர்களிடையே உள்ள தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்கிவைத்தல் என்று சற்று நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பனிக்கட்டியை உடைத்ததாக எழுதுவதைவிட அந்த நீளமே மேல்.

9. எவ்வளவு காலம் ஆகும், எப்படிச் சரிபார்ப்பது

முதல் வாரத்தில் இரண்டு முதல் நான்கு வரையுள்ள படிகளையும், இரண்டாம் வாரத்தில் ஐந்தையும் ஆறையும், மூன்றாம் வாரத்தில் ஏழையும் எட்டையும் பழகினால், நாளொன்றுக்கு 40 நிமிடமே போதுமானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அகராதிகளுக்கும் தேடலுக்கும் செலவு ஏதுமில்லை. புதிய பிரதி கைக்கு வந்தவுடன், மொழிபெயர்க்கத் தொடங்கும் முன், கணினியில் இந்த வினையின் எல்லா உருவங்களையும் தேடி வாக்கியங்களை மட்டும் குறிப்பேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 200 பக்க நூலுக்கு எனக்கு இது ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. பிறகு மிச்சமாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது குறைவு.

எழுதி முடித்த மறுநாள், மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அன்றே படித்தால் ஆங்கில வாக்கியம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், பிழை தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓரிரண்டு இடங்கள் மிஞ்சும். அவற்றை ஊகித்து எழுதாமல், பக்க எண்ணையும் உங்கள் மனத்திலுள்ள இரண்டு மூன்று வடிவங்களையும் எழுதி மூல ஆசிரியரிடமோ பதிப்பாசிரியரிடமோ கேட்டுவிடுங்கள். அந்த 31 இடங்களில் நான் கேட்க நேர்ந்தது ஒன்றே ஒன்று: ‘சம்திங் இன் ஹிம் புரோக்’. அவனுக்குள் எது என்று ஆங்கிலம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அதற்கில்லை. உடைந்தது என்றால் மனம், முறிந்தது என்றால் உறுதி, அறுந்தது என்றால் இதுவரை அவனை அந்த வீட்டோடு பிணைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று. மூன்றையும் விளக்கி எழுதிக் கேட்டேன். ஆசிரியரிடமிருந்து இரண்டு நாளில் பதில் வந்தது: அடுத்த அத்தியாயத்தில் அவன் அழுவதும் இல்லை, தளர்வதும் இல்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். “அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது” என்று எழுதினேன்.